காற்றில் ஆடும் மரங்களும் ரேடார் கிளட்டரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடார் தேடும் இலக்கை மறைக்கும் வேண்டாத எதிரொலிதான் கிளட்டர். மரம் இடம்பெயராது, எனவே அதன் எதிரொலி சுழி டாப்ளரில் (அசைவால் அதிர்வெண் மாறாத இடத்தில்) அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. தரையும் அடிமரமும் தரும் பங்கு மட்டுமே அசையாதது. இலையும் கிளையும் தரும் பங்கு சுழிக்கு இருபுறமும் விரியும். அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் பில்லிங்ஸ்லி உருவாக்கிய மாதிரிப்படி, மணிக்கு 20 மைல் காற்றில், 1.2 கிகாஹெர்ட்ஸில் (எல்-பேண்ட்) அசையாப் பங்கு சுமார் 6 டெசிபெல் மிகுதி. 10 கிகாஹெர்ட்ஸில் (எக்ஸ்-பேண்ட்) நிலைமை தலைகீழ்: அசையும் பங்குதான் 5 டெசிபெல் மேலே. எல்-பேண்டில் அளந்த விகிதத்தை எக்ஸ்-பேண்டுக்குத் தூக்கிப் போட்டால் கணக்கு உதைக்கும்.

அதிகம் சறுக்குவது நிறமாலையின், அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு எதிரொலி என்ற பரவலின், வடிவத்தில். பழக்கத்தில் காஸியன் (மணி வடிவ) வளைவைப் போடுவார்கள். கணிதம் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. அளவீடுகளுக்குப் பொருந்துவது அடுக்குக்குறி வளைவு. அதே காற்றில் இதன் திட்டவிலக்கம் (பரவலின் அளவு) நொடிக்கு சுமார் 0.25 மீட்டர். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இது உச்சியிலிருந்து 48 டெசிபெல் இறங்கியிருக்கும். அதே திட்டவிலக்கமுள்ள காஸியனோ கிட்டத்தட்ட 140 டெசிபெல் இறங்கிவிட்டதாகச் சொல்லும். நடந்து போகும் ஆளைப் பிடிக்க வேண்டிய ரேடாரில் இந்த இடைவெளி முழுக்கப் போலி எச்சரிக்கையாக வரும். பழைய அடுக்குவிதி வளைவு எதிர்ப்பக்கம் பிழைக்கிறது: வேகம் கூடக்கூட வாலை (வளைவின் ஓரப் பகுதியை) மிகைப்படுத்தி, தேவையில்லாத வடிகட்டிக்குச் செலவு வைக்கும்.

பில்லிங்ஸ்லி மாதிரியின் சூத்திரத்தில் காற்றின் வேகம் மணிக்கு மைலில். நொடிக்கு 9 மீட்டரை (அதாவது 20 மைலை) மாற்றாமல் 9 என்றே இட்டால், 2 மீட்டர் வேகத்தில் கிளட்டர் 12 டெசிபெல் குறைத்துக் காட்டப்படும். விடை நம்பும்படியே இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அளக்கும்போது ரேடாரின் சொந்தக் குறையை மரத்தின் தலையில் கட்டக் கூடாது. நிறமாலை எடுக்குமுன் பதிவின் இரு முனைகளையும் தணிக்கும் எடையே சாளரம்; அது வலுவான எதிரொலிக்கு அருகே பக்க மடல்கள் என்னும் போலி மேடுகளை விட்டுவைக்கும். ஹான் சாளரத்தின் முதல் பக்க மடல் 31 டெசிபெல் கீழேதான். 60 டெசிபெல் கீழே வாலைத் தேடுகிறவருக்கு நான்கு உறுப்பு பிளாக்மன்-ஹாரிஸ் சாளரம் பாதுகாப்பு. ஆனால் அதன் முதன்மை மடல் அகலம்: 1.2 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 0.05 மீட்டரைப் பிரிக்க 2.5 நொடிப் பதிவு போதும் என்ற கணக்கை நான்கு மடங்காக்கி, 10 நொடி எடுங்கள். ஆன்டெனாவைச் சுழலவிடாமல் நிறுத்தி வையுங்கள். சுழற்சியே நிறமாலையை அகட்டும். பிறகு அதே அமைப்பில் ஒரு கட்டடத்தையோ மூலைப் பிரதிபலிப்பானையோ பாருங்கள். அங்கும் அதே வால் நீண்டால், அது அலையியற்றியின் (ரேடார் அலையை உண்டாக்கும் பகுதியின்) கட்ட இரைச்சல், இலையசைவு அல்ல.

காற்றளவியை மரத்தலை உயரத்தில், அதே இடத்தில் வைக்கவும். தொலைவிலுள்ள விமான நிலையத்தின் மணிநேரச் சராசரி 10 நொடிப் பதிவுக்கு உதவாது.