காட்டு விலங்கு பயிரை அழித்தால்: இழப்பீடு கைநழுவிப் போகிற இடங்கள்

மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றி இறங்கும். வாழை குலை தள்ளியதும் யானை வரும். தாளவாடி, தேன்கனிக்கோட்டை, தொண்டாமுத்தூர், கூடலூர் என்று காட்டோரத்தில் வெள்ளாமை செய்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. வாழைக்குப் போட்ட முதலுக்கே அது காணாது. அந்தத் தொகையும் பலருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வேதனை. அலுவலகத் தாமதம் ஒரு காரணம். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கிற காரணங்களும் சில உண்டு, அவற்றைப் பார்ப்போம்.

முதல் தவறு, வயலைச் சுத்தம் செய்துவிடுவது. சாய்ந்த வாழையைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனசு வராது. காலையிலேயே ஆள் விட்டு வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள், அல்லது மாட்டை விட்டு மேய்த்துவிடுகிறார்கள். அப்புறம் வனவர் வந்து பார்க்கும்போது அங்கே வெறும் மண்தான் இருக்கும். எந்த விலங்கு வந்தது, எத்தனை மரம் போனது என்று அவர் எதை வைத்து எழுதுவார்? கால்தடம், சாணம், பன்றி கிளறிய குழி, கடித்துப் போட்ட கதிர் எல்லாமே சாட்சி. தணிக்கை முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள். வீட்டுச் சுவரை யானை இடித்திருந்தாலும் இதே கதைதான். மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சுவரை எழுப்புவதற்கு முன் அவர்கள் வந்து பார்க்கட்டும்.

அன்று காலையிலேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். கதிரை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யார் வயல் என்றே தெரியாது. கிணறு, வரப்பு, மின்கம்பம் என்று இடத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று படத்தில் விழவேண்டும். இடமும் தேதியும் தானாகவே பதியும் கேமரா செயலி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடுவது. வனக்காப்பாளரைப் பார்த்துச் சொன்னேன், போனில் சொன்னேன் என்பதெல்லாம் பின்னால் செல்லாது. வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். தேதி, சர்வே எண், பயிர், அதன் வயது, சேதமான பரப்பு, வந்த விலங்கு ஆகியவை மனுவில் இருந்தால் போதும். பரப்பைக் கூட்டி எழுதாதீர்கள். தணிக்கையில் அரை ஏக்கர் என்று தெரிந்தால், இரண்டு ஏக்கர் என்று நீங்கள் எழுதிய மனு முழுவதுமே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

மனு சரியாக இருந்தும் காகிதத்தால் நின்றுபோனவை ஏராளம். பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் போன வருடப் பயிரே இருக்கும், வயலில் நிற்பதோ மரவள்ளி. விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சேதம் நடந்த பிறகு ஓடினால் அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். உழைப்பும் நட்டமும் அவர்களுடையது, பட்டாவோ வேறொருவர் பெயரில். சாகுபடி செய்வது இன்னார்தான் என்று ஒரு சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, ‘கொஞ்சம்தானே போச்சு, எதுக்கு அலைவானேன்’ என்று புகாரே கொடுக்காமல் விடுவதைத்தான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காட்டு விலங்கால் ஏற்படும் சேதத்தையும் 2026 காரீஃப் பருவத்திலிருந்து சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்ற பட்டியலைத் தரவேண்டியது மாநில அரசு. அந்தப் பட்டியல் பழைய சேதப் பதிவுகளைப் பார்த்துத்தான் தயாராகும். நாம் எழுதிக் கொடுக்காத சேதம் அந்தக் கணக்கில் வராது. பதிவே இல்லாத ஊர், பன்றித் தொல்லை இல்லாத ஊர் என்றுதான் காகிதத்தில் தெரியும். இந்தக் காப்பீட்டில் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு தெரிவித்தாக வேண்டும். வனத்துறைக்குக் கொடுத்த மனு இதற்குப் போதாது, இரண்டும் தனித்தனி. பிரீமியம் கட்டும்போதே உங்கள் ஊரும் பயிரும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். காப்பீட்டுக்கான உதவி எண் 14447.

இனி வேலி. இதில் நடக்கும் தவறுக்கு உயிர்தான் விலை. மோட்டார் ரூமிலிருந்து நேராக லைன் இழுத்துக் கம்பியில் கொடுப்பதைப் பல ஊர்களில் சாதாரணமாகச் செய்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். யானையைக் கொன்ற வழக்கில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதே கம்பியில் தண்ணீர் பாய்ச்ச இருட்டில் போகிற மனிதரும் சாகிறார், வீட்டுப் பிள்ளையும் சாகிறது. சூரிய மின்வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு, கண நேரத் துடிப்பாக வரும். விலங்கு அதிர்ந்து ஓடும், சாகாது. நேர் லைனோ தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும்.

வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்துவருகிறது. இங்கே பலர் செய்கிற பிழை, வேலியைப் போட்டு முடித்துவிட்டு மானியம் கேட்பது. விண்ணப்பம், ஆய்வு, அனுமதி எல்லாம் முடிந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி காப்புக்காட்டுக்குப் பக்கத்து நிலங்களில் வேலி போட வனத்துறை அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டதையும் பதிவு செய்ய வேண்டும். போட்ட பிறகு கம்பியில் புல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வேலி பெயருக்குத்தான் நிற்கும்.

‘பன்றியைச் சுட ஆர்டர் வந்துடுச்சு’ என்ற பேச்சையும் நம்பிவிடாதீர்கள். 2025-இல் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர்தான் சுடலாம். விவசாயி துப்பாக்கி எடுத்தாலும், தீனிக்குள் வெடிமருந்தை மறைத்த அவுட்டுக்காய் வைத்தாலும் குற்றம்தான். பன்றிக்கென்று வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் செத்த யானைகள் உண்டு. மயிலுக்கு விஷம் கலந்த தானியம் போடுவதும் அப்படித்தான். மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வழக்கு வந்தால் தப்பமுடியாது.

உங்கள் ஊர் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து பன்றித் தொல்லை தொடர்ந்தால், தனித்தனியாக அலையாமல் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து, முந்தைய மனு நகல்களை இணைத்து, வனச்சரகத்தில் கூட்டாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே வனத்துறை அதிகாரியும் இருப்பார். மனு எண்ணை வாங்காமல் மட்டும் வெளியே வந்துவிடாதீர்கள்.