1950களின் மலிவு விண்வெளிப் படம் போல ஒரு நிமிடப் பின்னணி ஒலி: வீட்டிலேயே செய்யும் முறை

தேவையானவை: கணினி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், ஒலிப்பதிவு செய்யும் கைபேசி, ஓர் எவர்சில்வர் தாம்பாளம். வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஹாலிவுட்டில் அந்தக் காலத்தில் குறைந்த செலவில் எடுத்த விண்வெளிப் படங்களில் அட்டையும் தகரமும்தான் ராக்கெட். கண்ணுக்குக் காட்டக் காசில்லாததைக் காதுக்குக் காட்டினார்கள். நாமும் அதையே செய்யப்போகிறோம்.

படி 1: இயந்திர முனகல்

'ஜெனரேட்' பட்டியலில் 'டோன்' என்பதைத் திறந்து, 110 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 110 அதிர்வு) சைன் அலையை, அதாவது வழவழப்பான ஒற்றைச் சுருதி ஒலியை, 60 வினாடிக்கு உருவாக்குங்கள். ஒலியளவு 0.3 போதும். இன்னொரு தடத்தில் 113 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது வினாடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். விண்கலத்தின் உட்புறம் தயார்.

படி 2: அந்த ஓலம்

அந்தப் படங்களில் கேட்கும் நடுங்கும் ஓலம், ரஷ்யரான லியோன் தெர்மின் 1920 வாக்கில் உருவாக்கிய தெர்மின் என்ற மின்னணுக் கருவியின் குரல். தொடாமலே வாசிப்பார்கள்: ஒரு கை சுருதியை மாற்றும், மறு கை ஒலியளவை. பெரிய போட்டிப் படத்தை முந்த அவசரமாக எடுத்து வெளியிட்ட 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' (1950) படத்தில் இதை வாசித்த சாமுவேல் ஹாஃப்மன், தொழில்முறையில் கால் மருத்துவர்!

கருவி இல்லாவிட்டால் சீழ்க்கை அடியுங்கள். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். கமகம் பழகியவர்களுக்கு இது எளிது. நடுக்கத்தை வழக்கத்தைவிட வேகமாகக் கொடுங்கள். பிறகு 'சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்' எஃபெக்ட்டில் பெருக்கல் எண்ணை 0.5 ஆக்கினால் ஸ்தாயி ஒன்று இறங்கும், நடுக்கமும் பாதி வேகத்துக்கு வரும். சீழ்க்கை என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஒரு நிமிடத்தில் இரண்டே முறைதான் இந்த ஓலம் வர வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை ஊளையிட விட்டால் நகைச்சுவைக் காட்சி ஆகிவிடும்.

படி 3: வேற்றுக்கிரக உலோகம்

தாம்பாளத்தை விளிம்பில் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டிப் பதிவு செய்யுங்கள். வேகத்தை 0.25 ஆக்கி, 'ரிவர்ஸ்' கொடுங்கள். அடுத்து, ஒலியளவை ஏற்றி இறக்கும் 'ட்ரெமோலோ' எஃபெக்ட்டின் வேகத்தை 140 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். 440 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று இருந்தால், அதன் இருபுறமும் 580, 300 என்று புதிய ஒலிகள் முளைக்கும். எந்தச் சுருதிக்கும் அடங்காத கூட்டம் அது.

'ஃபர்பிடன் பிளானெட்' (1956) பெரிய நிறுவனத்தின் படம். ஆனாலும் அதற்கு ஒலியமைத்த லூயி பாரன், பெபே பாரன் தம்பதியர் தாங்களே கட்டிய மின்சுற்றுகளை முறுக்கேற்றி, அவை கருகும்வரை கதறவிட்டு ஒலிநாடாவில் பிடித்தார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அதை இசை என்று குறிப்பிடவே இல்லை. 'மின்னணு ஒலிகள்' என்றுதான் போட்டார்கள்.

படி 4: எதிரொலி

ஓலத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும் 'எக்கோ' சேருங்கள்: தாமதம் 0.27 வினாடி, தேய்வு 0.5. வினாடிக்கு 7.5 அங்குலம் ஓடும் நாடாவில், பதிவுத் தலைக்கும் வாசிப்புத் தலைக்கும் இடையே 2 அங்குலம் இருந்தால் கிடைக்கும் தாமதம் இது. ஒலித்துண்டின் கடைசியில் சில வினாடி மௌனத்தைச் சேர்த்து, அதையும் தேர்வு செய்தபின் எஃபெக்ட் கொடுங்கள். இல்லையென்றால் எதிரொலி பாதியில் வெட்டுப்படும்.

படி 5: பழமை

எல்லாத் தடங்களையும் ஒரே மோனோ தடமாகக் கலந்து, கீழ் ஒலிகளைக் குறைக்கும் 'ஹை-பாஸ்' 100, மேல் ஒலிகளைக் குறைக்கும் 'லோ-பாஸ்' 7000 ஹெர்ட்ஸ் வையுங்கள். படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒலியில் உச்ச ஒலிகள் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். கரகரப்பு ஓசையைக் கடன் வாங்கி ஒட்டாதீர்கள். அது பழமை அல்ல, ஒப்பனை.

படி 6: காட்சியோடு சேர்த்தல்

பணமில்லாத படங்கள் பலவற்றுக்குத் தனியாக இசையமைக்கவே இல்லை. எதற்கோ பதிவு செய்து வைத்திருந்த சேமிப்பு இசையை வாங்கி ஒட்டினார்கள். 1968இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தின் இசையும் அப்படிப்பட்டதுதான். அதனால் இசை காட்சியை விட்டுச் சற்று விலகியே நிற்கும். யாரும் அசையாத இடத்தில் பதறும், ஆபத்து வரும்போது அலட்சியமாகத் தேயும். எனக்கு இந்தப் பொருத்தமின்மைதான் அந்தப் படங்களின் உண்மையான திகில். ஆகவே அசைவுக்கு அசைவு ஒலியைப் பொருத்தாதீர்கள். காட்சியைப் பார்க்காமலே தடத்தை வைத்துவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் முழுத் தடத்தையும் இரண்டு மூன்று வினாடி முன்னே பின்னே நகர்த்துங்கள்; துண்டு துண்டாக வெட்ட வேண்டாம்.