கற்கும் பாணியைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பள்ளி விடுமுறை வந்தால் தன்முனைப்பு முகாமும் கூடவே வந்துவிடும். அங்கே பிள்ளைகள் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுப்பார்கள். தெரியாத இடத்துக்குப் போக வரைபடம் பார்ப்பாயா, யாரையாவது கேட்பாயா? புதுக் கைப்பேசி வாங்கினால் கையேட்டைப் படிப்பாயா, நேரே அமுக்கிப் பார்ப்பாயா? விடைகளைக் கூட்டினால் பிள்ளை ‘பார்த்துக் கற்பவர்’, ‘கேட்டுக் கற்பவர்’, ‘செய்து கற்பவர்’ என்று ஏதோ ஒரு வகைக்குள் வந்துவிடும். மாலையில் வீட்டுக்கு வந்து, “நான் கேட்டுக் கற்பவனாம் அம்மா, எனக்குப் புத்தகம் ஒத்து வராதாம்” என்று சொல்லும். அந்த ஒரு வார்த்தையில் புத்தகம் மூடப்படுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தனக்கு எப்படிப் படித்தால் ஏறும் என்று ஒரு மாணவர் தெரிந்துகொள்ள விரும்புவது நல்ல விஷயம். மாலை வகுப்பு நடத்துகிற நான் அதை ஊக்கப்படுத்தவே செய்கிறேன். தேடுகிற இடத்தில்தான் தவறு நடக்கிறது.

பிடித்த வழியே பலன் தரும் வழி என்று நம்புவது

இத்தகைய வினாத்தாள்களில் பரவலாக அறியப்பட்டது, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1992இல் அறிமுகப்படுத்திய ‘வார்க்’ முறை. பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்து பழகுதல் என்று அது நான்காகப் பிரிக்கிறது. ஒருவருக்கு எது பிடிக்கும் என்பதை அது காட்டக்கூடும். பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் அவர் கூடுதலாகக் கற்பாரா என்பது வேறு கேள்வி. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

எந்த வழியில் படிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. கோயிலில் தேவாரம் படிக்கப் போகும் பிள்ளை காது கொடுத்துக் கேட்டால்தான் பண் பிடிபடும். உறுமி மேளம் பழகுகிறவன் குச்சியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். பேராக் ஆறு எங்கே தொடங்கி எங்கே கடலில் சேர்கிறது என்பதை வரைபடத்தில் பார்ப்பதுதான் சுலபம். இந்த மூன்றையும் செய்கிற ஒரே பையன் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். அவனை எந்த வகையில் சேர்ப்பது?

மொழித் தடைக்குப் பாணி என்று பெயர் வைப்பது

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வரலாறு, புவியியல் என்று பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்க வேண்டியிருக்கிறது. மலாய் போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு வருவார்கள். நேரே இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவம் போகிறவர்களுக்கும் பேச்சு மலாய் வேறு, பாடநூல் மலாய் வேறுதான். கடைத்தெருவில் சரளமாகப் பேசுகிற பையன் வரலாற்றுப் பாடநூலில் அரைப் பக்கம் தாண்டுவதற்குள் திணறுகிறான். ஆசிரியர் விளக்கும்போது எளிய சொல்லும் கையசைவும் கலந்து வருவதால் புரிந்துவிடுகிறது. “கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை” என்று அவன் சொல்வது முழு உண்மை. அதற்குக் காரணம் மொழி. பிறவிப் பாணி என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டால் குறையைத் தீர்க்கும் வழி அடைபட்டுப் போகிறது.

என் வகுப்புக்கு வரும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அவசரகாலம் பற்றிய பாடத்தைக் கொண்டுவந்தாள். பக்கம் முழுக்க மஞ்சள் மை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் கேட்டேன். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும், இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும், அது 1960 ஜூலை 31 வரை நீடித்ததையும் தடையில்லாமல் சொன்னாள். அரிசியை அளந்து கொடுத்த காலத்தைப் பற்றித் தாத்தா சொன்ன கதையையும் கூடவே சேர்த்துக்கொண்டாள். பிறகு, மஞ்சள் தீட்டிய முதல் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்று இடத்தில் நின்றாள். அவளை நிறுத்திய மூன்று சொற்களும் அடுத்த பக்கத்திலும் வந்தன, அதற்கடுத்த பக்கத்திலும் வந்தன.

இவளுக்குத் தேவைப்பட்டது ஒலிப்பதிவோ படவிளக்கமோ அல்ல. ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற பத்துப் பதினைந்து சொற்களைத் தனி நோட்டில் எழுதிப் பொருள் தெரிந்துகொள்வது, தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிப்பது, பாடத்தை முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு மலாயில் நான்கு வாக்கியம் சொந்தமாக எழுதுவது, இவ்வளவுதான். மலாயிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத்தேர்வின் சான்றிதழ் கிடையாது, வரலாற்றுக்கு இந்த விதி 2013 முதல் இருக்கிறது. இரண்டிலும் விடையை எழுதித்தான் ஆக வேண்டும். பதின்மூன்று வயதில் புத்தகம் ஒத்து வராது என்று ஒதுங்கும் பிள்ளை பதினேழு வயதில் அந்தத் தேர்வுக் கூடத்தில் என்ன செய்யும்?

அன்றிரவே தீர்ப்புச் சொல்வது

காணொளி பார்த்தேன், நன்றாகப் புரிந்தது, ஆகவே எனக்குக் காணொளிதான் சரி என்கிறார்கள். பார்த்து முடித்த கையோடு எல்லாமே புரிந்த மாதிரித்தான் இருக்கும். கண்ணுக்குப் பழகிப் போனதை, தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் மைக்கும் இதே கதைதான்.

2006இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. அன்றிரவே தீர்ப்பு எழுதியிருந்தால் தோற்கிற முறையைத்தான் ‘என் பாணி’ என்று தேர்ந்திருப்பார்கள்.

நம் மரபுக்கு இது புதிதல்ல. பவணந்தி முனிவர் நன்னூலில் பாடம் பயிலும் முறையைச் சொல்லும்போது, கேட்டவற்றை நினைத்தல், வினவுதல், வினவியவற்றுக்கு விடை சொல்லுதல் ஆகியவற்றையும் மாணவனின் கடமைகளாகவே வைக்கிறார்.

ஆகவே, தன்னைத் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவருக்கு நான் சொல்வது இது. ஏறக்குறைய ஒரே அளவுக் கடினமான இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிடித்த வழியில் படியுங்கள். மற்றதை ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் இரண்டையும் தொட வேண்டாம். பிறகு இரண்டுக்கும் வெற்றுத் தாளில் குறிப்புகளை எழுதி எண்ணிப் பாருங்கள். எத்தனை குறிப்பு நினைவிருக்கிறது என்பதோடு எந்த இடத்தில் நின்றீர்கள் என்பதையும் கவனியுங்கள். சொல் தெரியாமல் நின்றீர்களா, முந்தைய ஆண்டுப் பாடமே தெரியாமல் நின்றீர்களா, வரிசை மறந்ததா? மாணவருக்கு மாணவர் உண்மையிலேயே வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாவிட்டாலும் இதில் உதவலாம். “இன்று என்ன நடத்தினார்கள், எனக்குத் தமிழில் சொல்” என்று கேட்டால் போதும். பிள்ளை தடுமாறும் இடம் தானாகத் தெரிந்துவிடும். ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் மூன்றாம் படிவ பி.டி.3 தேர்வு 2022இலும் கைவிடப்பட்டதால், நம் பிள்ளைகள் சந்திக்கும் முதல் பெரிய பொதுத்தேர்வு எஸ்.பி.எம். என்றாகிவிட்டது. இடையில் நிலைமையை எடுத்துக் காட்ட வீட்டில் யாராவது இருப்பது முன்னைவிட இப்போது அவசியம்.

அடுத்தவர் நேரத்தைக் கடன் வாங்குவது

இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன தலைமுறைக்கு, விடியலில் படிப்பதுதான் படிப்பு. அடுத்த வீட்டுப் பிள்ளை நான்கு மணிக்கு எழுந்து எட்டு ‘ஏ’ வாங்கினாள் என்றால் நம் வீட்டுப் பையனையும் உலுக்கி எழுப்புகிறார்கள். பதின்ம வயதில் உடலே தாமதமாகத் தூங்கித் தாமதமாக விழிக்கும் பக்கம் சாய்கிறது. பதினொன்றரைக்குப் படுத்தவனை நான்கு மணிக்கு எழுப்பினால் படித்தது பதிவதற்கு வேண்டிய தூக்கம்தான் போகிறது. எழுப்பத்தான் வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கே படுக்க வையுங்கள்.

சிரமமாக இருக்கிறது என்று விட்டுவிடுவது

கணக்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கணக்குப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். பின்னக் கணக்கு இருபது, அடுத்து விழுக்காடு இருபது. இரண்டாவது கணக்கிலிருந்தே பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டு முந்தைய வழியைப் பார்த்துப் போட ஆரம்பிக்கும். டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனையில், வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடும், கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடும் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் பயின்றவர்கள் 20, கலந்து பயின்றவர்கள் 63.

வீட்டில் செய்ய வேண்டியது, மூன்று அத்தியாயங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்கைப் பொறுக்கி, எது எந்த அத்தியாயம் என்று சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. முதல் வாரம் தவறு கூடும், பிள்ளையும் முணுமுணுக்கும், “இது எனக்கு ஒத்து வராது” என்று சொல்லும். மூன்று வாரமாவது தொடர்ந்து கொடுத்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பேச்சைக் காதில் வாங்குங்கள்.