இமேஜ் இறக்கும் முன் பயாஸைப் பாருங்கள்
களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு லாபில் 20 கணினிகளுக்குக் குளோன்சில்லாவில் (டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள்) இமேஜ், அதாவது ஒரு கணினியின் முழு டிஸ்க் நகல், இறக்கி முடித்தால் ஆறு மட்டும் பூட் ஆகவில்லை, ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து அரை நாளை வீணாக்கினேன். விஷயம் சின்னது. மாஸ்டர் கணினி, அதாவது இமேஜ் எடுத்த கணினி, யூஈஎஃப்ஐ எனும் புதிய பூட் முறையில், அதற்கேற்ற ஜிபிடி பார்ட்டிஷனோடு (டிஸ்க் பிரிப்பு முறை) இருந்தது. அந்த ஆறும் லெகசி எனும் பழைய பூட் முறையில் கிடந்தன. எல்லாவற்றிலும் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் பூட் முறையை முதலிலேயே ஒன்றாக்கிவிடுங்கள். அப்புறம், இறக்கும் டிஸ்க் மூல டிஸ்க்கை விடக் கொஞ்சம் சிறிதானாலும் குளோன்சில்லா வழக்கமாக மறுத்துவிடும், அதனால் இருப்பதிலேயே சின்ன டிஸ்க் உள்ள கணினியில் மாஸ்டரைத் தயார் செய்யுங்கள். விண்டோஸ் என்றால் இமேஜ் எடுக்கும் முன் அதிலேயே உள்ள சிஸ்ப்ரெப் கருவியில் ஜெனரலைஸ் டிக் (அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்குவது) அவசியம். பழைய கணினிகளில் சீமோஸ் பற்றரி (பயாஸ் அமைப்பைக் காத்து வைப்பது) செத்திருந்தால் கரண்ட் ஒருதரம் போய் வந்ததும் (நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!) மாற்றிய அமைப்பெல்லாம் அழிந்துவிடும், அதற்கான சிஆர்2032 பற்றரி இரண்டு மூன்று கையோடு இருக்கட்டும்.