பழைய சைடுபோர்டு: மேல்பலகைக்கு ஸ்டெயின், உடலுக்குப் பெயின்ட்

பழைய சைடுபோர்டு (தட்டு, பாத்திரம் வைக்கிற தாழ்வான அலமாரி) ஒன்று வீட்டுக்குள் வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கப் போறே?" என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்வதே இல்லை. அது எதனால் செய்தது என்று தெரியட்டும், கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இழுப்பறை ஒன்றை முழுதாக உருவி, முன்பலகையின் மேல் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழுக்க ஒரே மரமாகத் தெரிந்தால் கட்டை மரம். மேலே மெல்லிய அடுக்கு ஒன்றும் அதற்குக் கீழே வேறு நிற மரமும் தெரிந்தால் வினீர். வினீர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இப்போதைய வினீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. மெஷின் வைத்துத் தேய்த்தால் நொடியில் அடிமரம் எட்டிப் பார்த்துவிடும். கையால்தான் தேய்க்க வேண்டும். ஒரே முடிச்சு, ஒரே ரேகை திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்த லேமினேட். அதில் ஸ்டெயின் (ரேகையை மறைக்காமல் மரத்துக்குள் ஊறி நிறம் தருகிற சாயம்) ஏறாது, முழுக்கப் பெயின்ட்தான்.

மரமோ வினீரோ, நான் மேல்பலகைக்கு ஸ்டெயினும் உடலுக்குப் பெயின்டும் கொடுப்பேன். அழகுக்காக மட்டும் இல்லை. தட்டும் டம்ளரும் வைத்து எடுக்கிற இடத்தில் பெயின்ட் பெயர்ந்தால் அந்தச் சொட்டை தூரத்திலிருந்தே தெரியும். ஸ்டெயின் போட்ட மரத்தில் விழுகிற சின்னக் கீறல் ரேகையோடு ரேகையாகப் போய்விடும். பக்கங்களிலும் கதவுகளிலும் ஒட்டுப்போட்ட துண்டுகள், நிறம் சேராத மரங்கள் என்று என்னென்னவோ இருக்கும். அதையெல்லாம் பெயின்ட் பார்த்துக்கொள்ளும்.

கீல், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி, எது எந்தக் கதவுடையது என்று எழுதிப் பையில் போட்டுவையுங்கள். கைப்பிடியை மாற்றுகிற எண்ணம் இருந்தால், இரண்டு துளைகளின் நடுமையங்களுக்கு இடையே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 96, 128 மி.மீ. அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். அளவு ஒத்துப்போகாவிட்டால் பழைய துளையை இப்போதே அடைத்துவிட வேண்டும், பெயின்டுக்குப் பிறகு இல்லை.

அடுத்து, பழைய பூச்சு என்ன என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடமாக, மேல்பலகையின் அடிவிளிம்பில், ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திவையுங்கள். எடுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் பழுப்பு ஏறியிருந்தால் அரக்கு பாலிஷ். உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்: ஸ்பிரிட்டும் ஸ்டீல் கம்பளியும் போதும், மொத்தத்தையும் வழித்தெடுத்துவிடலாம். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் லேக்கர் தின்னருக்குக் கரைந்தால் அது லேக்கர் என்கிற, சீக்கிரம் காயும் பூச்சு. எதற்கும் அசையாவிட்டால் அநேகமாகப் பாலியூரிதேன் என்கிற கெட்டியான வார்னிஷ்; பூச்சை இளக்கி எடுக்கிற ரிமூவர் வேண்டியிருக்கும். மிகப் பழைய பெயின்டாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள்; அந்தத் தூள் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் வரவே கூடாது.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கையும், டர்பன்டைனால் மெழுகையும் துடைத்தெடுங்கள். மெழுகோடு தேய்த்தால் உப்புத்தாளே அதை மரத்துக்குள் ஏற்றிவிடும், பிறகு ஸ்டெயினும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது.

மேல்பலகையை 120, 150, 180 நம்பர் உப்புத்தாள் என்ற வரிசையில், ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். வினீராக இருந்தால் நேராக 150-இல் ஆரம்பியுங்கள். 220-க்கு மேல் போனால் மரம் வழவழத்து ஸ்டெயினைக் குடிக்காது. தேய்த்து முடித்ததும் டர்பன்டைன் துணியால் ஒரு முறை துடைத்து, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். குறுக்கே விழுந்த கீறல்கள் கோடு கோடாக எழும்பும். பழைய பசை கசிந்த இடம் ஈரம் ஏறாமல் வெளிறித் தெரியும். ஸ்டெயின் போட்ட பிறகு நிற்கப்போகிற கறையைத்தான் முன்கூட்டியே பார்க்கிறீர்கள். தேய்க்கவேண்டியதை இப்போதே தேய்த்துவிட்டு, மேற்பரப்பு உலரும்வரை விடுங்கள். உடல் பகுதிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 180-ஆல் பளபளப்பு போகிற அளவு தேய்த்து, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தால் சரி. மேல்பலகையில் மட்டும் பட்டியைக் கண்டபடி பூசாதீர்கள். அது ஸ்டெயினை மரம் மாதிரி வாங்காது, திட்டாக நிற்கும்.

முதலில் ஸ்டெயின், அப்புறம் பெயின்ட். வெறும் மரத்தில் பெயின்ட் சொட்டினால் ரேகைக்குள் இறங்கிவிடும், எடுக்கவே முடியாது. ஸ்டெயின் போட்டு ஒரு கை கிளியர் கோட்டும் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்துவிட்டால் சொட்டியதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எண்ணெய் ஸ்டெயினைத் துணியால் தாராளமாகப் பூசி, பத்து நிமிடம் போல விட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். நிறம் ஏறட்டும் என்று அப்படியே விட்டால் காயாமல் பிசுபிசுக்கும். பைன் மாதிரி மென்மரம் திட்டுத் திட்டாகக் குடிக்கும். அதற்கு முதலில் நீர்த்த அரக்கு ஒரு கை கொடுக்கலாம்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். எண்ணெய் ஸ்டெயின் மேல் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட கிளியர் கோட் அடிப்பதானால் டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே காத்திருங்கள்.

உடலுக்கு பிரைமர் கட்டாயம். ஓக், மஹோகனி போன்ற மரங்களின் சாயம் வெள்ளைப் பெயின்டைத் துளைத்துக்கொண்டு மஞ்சளாகக் கசியும்; அரக்கு பிரைமர்தான் அதை அடக்கும். பிறகு பெயின்டை மெல்லிசாக இரண்டு கை. இழுப்பறையின் பக்கங்களுக்கும் அது ஓடுகிற சட்டத்துக்கும் பெயின்ட் வேண்டாம், இறுகிக்கொள்ளும். அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். உள்ளே பழைய நெடி அடித்தால் அங்கேயும் நிறமில்லாத அரக்கு ஒரு கை.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கனமான பாத்திரங்களை ஏற்றிவிடாதீர்கள். பெயின்ட் உள்ளே இறுக மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை கதவுகளை லேசாகத் திறந்தே வைத்திருங்கள், விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது.