கடலில் முடியும் சாலை: சிறிய கடற்கரை ஊரில் கூட்ட நாளைக் கையாளும் முறை

உள்நாட்டு ஊரில் ஒரு தெரு அடைத்துக்கொண்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போய்விடலாம். கடற்கரை ஊருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். உள்ளே போன வண்டி அத்தனையும் போன வழியே திரும்பியாக வேண்டும். தனுஷ்கோடியில் 2017-ல் அரிச்சல்முனை வரை போடப்பட்ட சாலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை, கடைசியில் ஒரு ரவுண்டானா. அந்த ரவுண்டானாவில் நாலு வேன் குறுக்கே நின்றால் போதும், பின்னால் வருகிற எல்லாரும் நிற்க வேண்டியதுதான். திருச்செந்தூர், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி எல்லாவற்றிலும் இதே கதைதான், அளவு மட்டும் வேறு.

ஆகவே வெளியூர் வண்டியைக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை நடக்க வைப்பதுதான் வேலை. இதில் பெரும்பாலான ஊர்கள் தோற்பது நிறுத்துமிடத்தில் அல்ல, நடக்கும் வழியில். வெயிலில், சாக்கடை ஓரமாக, பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும் என்றால் எந்தக் குடும்பமும் வண்டியை விட்டு இறங்காது.

முதலில் எண்ணுங்கள்

ஒரு சாதாரண ஞாயிறு, ஒரு விசேஷ நாள் என்று இரண்டு நாள் போதும். ஊருக்குள் வரும் ஒவ்வொரு சாலையிலும் இருவரை நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே போவதை எண்ண, மற்றவர் வெளியே வருவதை எண்ண. பைக், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி என்று ஆறு கட்டம் போட்ட தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு வரி. உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்துக்கொண்டே வந்தால், எந்த நேரத்தில் ஊருக்குள் அதிகபட்சம் எத்தனை வண்டி நிற்கிறது என்று தெரியும். நாள் முழுக்க வந்த மொத்த வண்டி எண்ணிக்கையை வைத்து இடம் தேடுகிறவர்கள் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு நிலம் கேட்டுவிட்டு, கிடைக்காமல் திட்டத்தையே கைவிடுவார்கள். வேண்டியது உச்ச நேரத்தில் உள்ளே இருக்கும் எண்ணிக்கை மட்டும்தான்.

எண்ணும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்னியாகுமரியில் கூட்டம் சூரிய உதயத்துக்கு முன்பே வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேரும். ராமேஸ்வரத்தில் ஆடி, தை அமாவாசைகளில் விடியற்காலை. திருச்செந்தூரில் இப்போது பௌர்ணமி இரவும் ஒரு திருவிழாதான். வந்தவர்கள் கடற்கரையிலேயே தங்குவதால் வண்டி இரவு முழுக்க நகராது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. மற்ற ஊர்களில் ஞாயிறு மாலை நான்கு முதல் இருட்டும் வரை, அப்புறம் காணும் பொங்கல்.

மீன் வண்டிகளை மறந்துவிடாதீர்கள். ஏலம் முடிந்ததும் ஐஸ் பெட்டியோடு கிளம்பும் லாரி ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டால் நஷ்டம் மீனவருக்கு. அவர்களுக்கு நேரம் ஒதுக்காத எந்தத் தடுப்பும் இரண்டாம் நாளே தூக்கி எறியப்படும், அதில் தப்பும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான். ‘மீன் இறங்குதளம் காலியாகத்தானே இருக்கும், கார் நிறுத்தலாம்’ என்ற யோசனை ஒவ்வோர் ஊரிலும் யாராவது சொல்வார்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வலை சீர்செய்வதும் அந்த இரண்டு மாதத்தில்தான். இடம் காலியாக இருக்காது. மீனவர் சங்கத்திடம் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

நிலக் கணக்கு

உள்ளே நுழைந்து திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். கோடு போடாத வெறும் நிலத்தில், ஆள் நின்று ஒழுங்குபடுத்தினால், ஏக்கருக்கு 130 கார். ஆள் இல்லாவிட்டால் அதே இடத்தில் 80 நிற்பதே பெரிது. பைக் ஏக்கருக்கு ஆயிரம் தாராளமாக நிற்கும். 12 மீட்டர் பஸ் என்றால் ஏக்கருக்கு 40. உச்ச நேரத்தில் 400 கார், 1,200 பைக், 60 வேன், 30 பஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஆறு ஏக்கர். ஒரே இடத்தில் கிடைக்காது; இரண்டு மூன்று இடமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பஸ்ஸையும் காரையும் ஒரே நிலத்தில் கலக்காதீர்கள். பஸ் ஒரே மூச்சில் திரும்ப 25 மீட்டர் அகல வெளி வேண்டும். அந்த வெளியைப் பார்த்ததும் கார்க்காரர்கள் ‘காலி இடம்’ என்று நிறுத்திவிடுவார்கள்.

பழைய உப்பளமும் ஓடைக்கரையும் கோடையில் தார்ச்சாலை போல இறுகி இருக்கும். ஐப்பசி மழை ஒரு நாள் பெய்தால் சக்கரம் பாதி புதையும். மேட்டுநிலமாகப் பாருங்கள். நுழைவாயிலிலும் உள்வழியிலும் மட்டுமாவது கிராவல் கொட்டி ரோலர் ஓட்டி 15 செ.மீ. கனத்துக்கு இறுக்கிவிடுங்கள். முழு நிலத்துக்கும் தேவையில்லை. வண்டி சிக்குவது திரும்பும் இடத்தில்தான். கயிற்றோடு ஒரு டிராக்டர் நிற்கட்டும். கடற்கரை மணலில் வண்டி இறங்கவே கூடாது. இறங்கும் இடங்களில் இரண்டு கல்தூணுக்கு நடுவே 1.2 மீட்டர் விட்டால் சக்கர நாற்காலி போகும், கார் போகாது.

எல்லா வண்டியும் முகம் வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். வரும்போது ஆளுக்கு அரை நிமிடம் கூடுதலாகும். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போதும், கடல் சீற்றம் என்று அவசரமாகக் காலி செய்யச் சொல்லும்போதும் அந்த அரை நிமிடத்தின் அருமை தெரியும்.

பகுதிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என்று பெயர் வைப்பதைவிடப் படம் வையுங்கள்: சங்கு, படகு, மயில், மீன். எழுத்து தெரியாத பாட்டியும் ‘மயில் போட்ட இடத்துல பஸ்ஸு நிக்குது’ என்று சொல்லிவிடுவார். படம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் வேன் மறைத்துவிடும்.

சீட்டு கிழிக்கும் இடம்

நெரிசலுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம். கட்டணத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் சாலை ஓரத்திலேயே மேசை போட்டு வசூலிப்பார். ஒரு காருக்குச் சில்லறை, சீட்டு எல்லாம் சேர்த்து 15 வினாடி. அதாவது மணிக்கு 240 கார். ஒரு மணி நேரத்தில் 400 கார் வந்தால் 160 கார் வெளியே நிற்கும். காருக்கு 6 மீட்டர் வீதம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வால், அதுவும் நெடுஞ்சாலையில்.

தீர்வு எளிது. வாசலில் யாரும் பணம் கேட்கக் கூடாது. வண்டியை உள்ளே விட்டு, நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகு, நடந்து போகும் வசூலாளர் சீட்டுக் கொடுக்கட்டும். 100 காருக்கு ஒருவர் போதும். சீட்டில்லாமல் போய்விடுவார்களே என்று குத்தகைதாரர் பயப்படுவார். நடந்து வெளியேறும் வழியை ஒன்றாக வைத்து அங்கே ஒருவரை நிறுத்தினால் அந்தப் பயம் தீரும். இந்த நிபந்தனையை ஏலம் விடும்போதே எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

நடக்கும் வழி

நிறுத்துமிடத்திலிருந்து கோயிலோ கடற்கரையோ 800 மீட்டருக்குள் இருந்தால் குழந்தையோடு வருபவர்களும் 15 நிமிடத்தில் நடந்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் வழியில் நிழலும் உட்கார இடமும் தண்ணீரும் கட்டாயம். இந்திய சாலைப் பேராய வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர், விளிம்புக் கல் 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. ஏறி இறங்கும் சரிவு 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம். விசேஷ நாளில் 2.5 மீட்டரும் பத்தாது. தெருவையே நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. அங்கே ஊர் நின்றா போய்விட்டது?

மினி பஸ் விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 பேர் ஏறும் மூன்று வண்டி, போய்வர 20 நிமிடம்: மணிக்கு 225 பேர். முப்பது பஸ்ஸில் வந்தவர்களே ஆயிரத்து ஐந்நூறு. ஆகவே முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று எழுதி வைத்து ஓட்டுங்கள். எல்லாருக்கும் என்றால் முண்டியடிப்பவர்கள்தான் ஏறுவார்கள்.

சங்கு, பாசி மணி, பொரித்த மீன் விற்கும் தள்ளுவண்டிகளை விரட்டினால் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். கூட்டம் இருக்கும் இடத்தில்தான் வியாபாரம். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் பத்துக்கு நான்கு பேர் வியாபாரிகளே. அந்தக் குழு மூலம் தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் கொடுங்கள். இரு பக்கமும் கடை என்றால் வாங்குபவர்கள் குறுக்கும் நெடுக்கும் கடப்பார்கள், நடைவேகம் பாதியாகிவிடும்.

நெடுஞ்சாலையைக் கடப்பது

கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சாலையின் மறுபக்கம் நிறுத்துமிடம் அமைந்தால் ஆபத்து அங்கேதான். ஏழு மீட்டர் சாலையைக் குழந்தையோடு கடக்க எட்டு வினாடி ஆகும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த எட்டு வினாடியில் 110 மீட்டர் வந்துவிடும், 30 கி.மீ. என்றால் 67 மீட்டர். வளைவிலோ ஃபிளெக்ஸ் பேனருக்குப் பின்னாலோ அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அங்கே கடக்கும் கோடு போடாதீர்கள். கோடு இருக்கிறதே என்ற நம்பிக்கையே ஆளைக் கொல்லும். வெறும் வெள்ளைக் கோட்டைவிட 10 செ.மீ. உயர்த்திய மேடையாகக் கட்டி, மேலே கோடு போடுவது நல்லது. சாதாரண வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகப் போடும் முக்கால் அடி ‘திண்டு’ பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கிப் போடும். கோட்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து மீட்டராவது எந்த வண்டியும் நிற்கக் கூடாது, முக்கியமாக ஷேர் ஆட்டோ.

பாதயாத்திரை வருபவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம் நடக்க வேண்டும். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஊருக்கு வந்த பின் ஒட்டிப் பயனில்லை. இருட்டுச் சாலை தொடங்கும் 20, 30 கி.மீ. தொலைவில் ஒட்ட வேண்டும்.

உப்புக்காற்று செய்யும் வேலை

கடலோரத்தில் சாதாரண இரும்புக் கம்பம் அடியில்தான் முதலில் அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒரு நாள் காற்றில் சாயும். துத்தநாகம் பூசிய குழாயை வாங்கி, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு கான்கிரீட் சுற்றுங்கள். வளைவுக் கண்ணாடியில் உப்புப் படியும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் தடுப்புக்குள் தண்ணீர் ஊற்றாவிட்டால் மதியக் கடற்காற்றில் நடுரோட்டுக்கு வந்துவிடும். சாலைக் கோட்டை மணல் மூடும். மூடிய மணலில் பைக் வழுக்கும். விசேஷத்துக்கு முந்தைய நாள் பெருக்குவது அழகுக்காக அல்ல. சாலைக் குறுக்கே வெறும் கயிறு கட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். இரவில் பைக்காரர் கழுத்துக்குத்தான் அது.

உத்தரவும் ஆட்களும்

வண்டிகளைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆம் பிரிவு, நிறுத்துமிடம் குறிக்க 117. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். ஆனால் உரிய அதிகாரியின் எழுத்து உத்தரவு வேண்டும். அதன் நகல் ஒவ்வொரு தடுப்பிலும் இருக்கட்டும். சாலை பேரூராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலிலேயே பாருங்கள். வேகத்தடை கட்டிய பிறகு இடிப்பது பெரும்பாலும் இதைக் கேட்காததால்தான்.

உள்ளூர்வாசிகளுக்கு வீட்டுக்கு ஒரு பாஸ், தெருவுக்கு ஒரு நிறம். பால், கேஸ், மருந்து வண்டிகளுக்குக் காலை ஏழு மணிக்கு முன். 108-க்கும் தீயணைப்பு வண்டிக்கும் மூன்றரை மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்குள்ள தடுப்பைச் சங்கிலி போட்டுப் பூட்டாதீர்கள். சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் ஆம்புலன்ஸ் வரும். குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுத நிறுத்துமிடத்திலேயே ஒருவர் பேனாவோடு நிற்கட்டும்.

காலையில் 20 பேரை நிறுத்திவிட்டு, மாலை ஆறு மணிக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. தலைகீழாகச் செய்யுங்கள். வருபவர்கள் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக வருவார்கள். இருட்டியதும் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். நிறுத்துமிட வாசலிலும் நெடுஞ்சாலை முக்கிலும் அப்போதுதான் ஆள் வேண்டும். வரிசை வரிசையாக வெளியே விடுங்கள், ஒரு வரிசை முழுக்கப் போன பின் அடுத்தது. பஸ்களை மட்டும் பயணிகள் எல்லாரும் ஏறி, ஓட்டுநர் கை காட்டிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். ஆள் தேடிக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு பஸ் நூறு காரை மறித்துவிடும்.