கினி பிக் வாங்கப் போகிறீர்களா? ஆணும் பெண்ணுமாக வாங்காதீர்கள்

கோடை விடுமுறை ஆரம்பித்தால் போதும், புதிதாகக் கினி பிக் (எலியைப் போலக் கொறிக்கும் சின்னச் செல்லப் பிராணி, பன்றி இல்லை) குட்டி வாங்கியவர்களிடமிருந்து எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். வருஷா வருஷம் அதே கேள்விகள், அதே தவறுகள். தண்ணீர் மாற்றுவது, கூண்டைச் சுத்தம் செய்வது, பூனை வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆணும் பெண்ணுமாக வாங்குவது

கினி பிக் கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றைத் தனியாக வளர்க்கக் கூடாது, துணை வேண்டும். அதுவரை சரி. ஆனால் கடையில் "துணையோட வேணும்" என்று கேட்டதும் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் அட்டைப்பெட்டியில் போட்டு, ஜோடி என்று கொடுத்துவிடுகிறார்கள். லவ் பேர்ட்ஸ் வாங்கிப் பழகிய நமக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆண் குட்டி 3 வாரத்திலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடலாம். பெண் குட்டி 4 வாரத்திலேயே சினை பிடிக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினை பிடிக்கும். ஆண் அதே கூண்டில் இருந்தால் அன்றைக்கே அடுத்த சுமை. ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் வயிற்றிலும் சுமக்க வேண்டும், அதுவும் தானே இன்னும் வளர்ந்து முடியாத வயதில்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் ஒரு ஜோடி வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுச் சிறுமி சந்தோஷமாக போன் செய்தாள்: "அங்கிள், மூணு குட்டி போட்டிருக்கு, எல்லாம் கண்ணைத் திறந்துட்டு ஓடுது!" கினி பிக் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும்தான் பிறக்கும். போனை அவள் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "ஆணை இப்பவே வேற பெட்டியில் போடுங்கம்மா" என்றேன். இன்னொரு கூண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வாங்க முடியும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தாய் மறுபடி சினை பிடித்துவிட்டது. அடுத்த பிரசவத்தில் ஒரு குட்டி பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் தாய் இறந்துவிட்டது. முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்திருந்தது அந்தத் தாய். ஒரு பழைய அட்டைப்பெட்டி போதும், அதைக் காப்பாற்றியிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

சரி, நன்றாக வளர்ந்த பிறகு ஒரே ஒரு முறை குட்டி போட விடலாமே என்கிறார்கள். அதுவும் ஆபத்து. ஆறேழு மாதத்துக்குள் ஒரு முறையும் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடும். அதற்கப்புறம் முதல் பிரசவம் வந்தால் குட்டி வெளியே வர இடம் போதாது.

ஆகவே இரண்டு பெண் வாங்குங்கள், அல்லது ஒன்றாகப் பிறந்த இரண்டு ஆண் வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், சின்ன வயதில் அவர்களே ஏமாறுகிறார்கள். பெண்ணின் பிறப்புறுப்பு ஆங்கில ஒய் எழுத்து போல இருக்கும். ஆணுக்கு ஒரு சின்னப் புள்ளி போலத் தெரியும், அதற்கு மேலே மெல்ல அழுத்தினால் உறுப்பு வெளியே வரும். சந்தேகம் இருந்தால் முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடையில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டிருந்தார்கள் என்றால், உங்கள் பெண் குட்டி சினையோடு வந்திருக்கலாம். அப்படிப் பிறக்கும் ஆண் குட்டிகளை 3 வாரத்தில் பிரித்துவிட வேண்டும். பிறந்த ஓரிரு நாளிலேயே புல் கடிக்க ஆரம்பிப்பவை, பசியால் வாடாது.

வந்த அன்றே மடியில் வைத்துக் கொஞ்சுவது

கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. பயத்தில் உறைந்திருக்கிறது. முதல் சில நாள் தூக்காதீர்கள். ஆளுக்கொரு ஒளிவிடம் வையுங்கள், இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி போதும். ஒரு வாசல் மட்டும் இருந்தால் ஒன்று உள்ளே புகுந்து மற்றதை விரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கொத்தமல்லித் தழையை நீட்டுங்கள், அதுவாக வந்து வாங்கட்டும். கடையில் என்ன தின்றதோ அதையே முதலில் கொடுத்து, மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

முயல் தீவனத்தை மட்டும் போடுவது

மனிதரைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. முயலுக்கு அந்தக் குறை இல்லை, அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. பற்றாக்குறை வந்தால் ஈறில் ரத்தம் கசியும், மூட்டு வீங்கும், நடக்கவே தயங்கும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள். கொய்யா, நெல்லிக்காய் எப்போதாவது சிறு துண்டாக. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டை நம்ப வேண்டாம், அதன் சத்து சீக்கிரம் போய்விடும்.

முக்கிய உணவு புல்தான். பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் நாள் முழுக்க மென்றால்தான் தேயும். வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம், உணவாக அது போதாது.

பால்கனியில் வைப்பது

ஆண்டிஸ் மலைக் குளிரிலிருந்து வந்த இனம். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். நம் ஊர் மே மாதத்தில் வீட்டுக்குள், காற்றோட்டமான தரையில்தான் இருக்க வேண்டும். படுத்துக்கொள்ள ஒரு தரை ஓடு, உள்ளே புகுந்துகொள்ளச் சாய்த்து வைத்த மண்பானை. எச்சில் ஒழுக, வேகமாக மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

முயலோடு சேர்த்து விடுவது

வேண்டாம். முயல் உதைக்கும், நுரையீரல் தொற்றையும் கொடுக்கலாம்.

வாரா வாரம் குளிப்பாட்டுவது

தேவையே இல்லை.

மருந்துக்கடையில் கேட்டு மருந்து கொடுப்பது

அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் நமக்குச் சாதாரணம். கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அவை அழித்துக் கொன்றேவிடும். மருத்துவர் எழுதித் தந்தாலும் பெயரைப் பார்த்துக் கேளுங்கள். நாயையும் பூனையையும் மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு இது நினைவில் இல்லாமல் போகலாம். அரை நாள் சாப்பிடாமல் மூலையில் சுருண்டிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், துணையையும் அதே பெட்டியில் வைத்து.